பெருநகரச் சுற்றுலா: ஐந்து பேருக்கு விசாலமான ஓட்டல் அறை, கட்டுபடியாகும் வாடகையில் – எப்படித் தேடுவது?

தேன்சிட்டு:
எல்லாருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு பெரிய நகரத்தில் ஐந்தாறு நாள் தங்கிச் சுற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், பன்னிரண்டு வயதுப் பெண், நாலு வயதுப் பையன், கூடவே என் மாமியார். அவருக்கு முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். எந்த நகரம் என்பது இன்னும் முடிவாகவில்லை, தங்குமிடம் எங்கே ஒழுங்காக அமைகிறதோ அந்த ஊருக்கே போகலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஆனால் தேடும் தளங்களில் ஐந்து பேர் என்று போட்டவுடன் இரண்டு தனித்தனி அறைகளைக் காட்டுகிறது, இல்லையென்றால் தொடவே முடியாத வாடகையில் ஒரு சூட், அதாவது படுக்கையோடு உட்காரும் இடமும் சேர்ந்த பெரிய அறை. நாலு பேர் தங்கலாம் என்று எழுதியிருக்கிற அறைகளின் படத்தைப் பார்த்தால் இரண்டு கட்டிலுக்கு நடுவில் ஒருவர் பக்கவாட்டில்தான் நடக்க முடியும் போலிருக்கிறது. பெரிய குடும்பத்தோடு போய் வந்தவர்கள் எதைப் பார்த்து அறை எடுக்கிறீர்கள்? நட்சத்திரம் எத்தனை என்பதில் எனக்கு அக்கறை இல்லை. சுத்தமாக இருக்க வேண்டும், மூச்சு முட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
படத்தை நம்பாதீர்கள், பரப்பளவைப் பாருங்கள். அகலக் கோண லென்ஸில் எடுத்த படத்தில் எந்த அறையும் கூடமாகத்தான் தெரியும். பெரும்பாலான ஓட்டல்களின் சொந்தத் தளத்தில் அறை விவரத்தைத் திறந்தால் சதுர மீட்டரிலோ சதுர அடியிலோ அளவு போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. 18 சதுர மீட்டர் அறை என்றால் கிட்டத்தட்ட 194 சதுர அடி, கேட்க நன்றாகத்தான் இருக்கும். இப்போது கழித்துப் பாருங்கள். குளியலறைக்கு 45 போகும். கதவைத் திறந்ததும் வருகிற குறுகிய நடையும் துணி அலமாரியும் ஒரு 30 எடுத்துக்கொள்ளும். மிச்சம் 119. டபுள் கட்டில் ஒன்று 54 அங்குல அகலம், 75 அங்குல நீளம், அதாவது 28 சதுர அடி. இரண்டு போட்டால் 56. மிச்சமிருக்கிற 63 சதுர அடியில் மேசை, நாற்காலி, தொலைக்காட்சி வைத்த பலகை, அப்புறம் நாலு பேரின் பெட்டிகள். பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தால் அதைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டியிருக்கும். அதுவே க்வீன் கட்டில் என்றால் 60க்கு 80 அங்குலம், ஒவ்வொன்றும் 33 சதுர அடி, இடம் இன்னும் குறையும்.

என் அளவுகோல் இதுதான்: நாலு பேருக்கு 28 சதுர மீட்டருக்குக் குறைந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். உங்களைப் போல ஐந்து பேர், அதில் ஒருவர் பெரியவர் என்றால் 35க்கு மேல் பாருங்கள். அளவே போடாத ஓட்டலாக இருந்தால் கேட்டு வாங்குங்கள். கேட்டும் சொல்லவில்லையென்றால் அடுத்ததைப் பார்ப்பதுதான் நல்லது.

நிலாமுற்றம்:
கணக்குப்பிள்ளை சொன்னது சரி, ஆனால் தங்கை, எனக்குப் பரப்பளவைவிட முக்கியம் நடுவில் ஒரு கதவு. எனக்கு மூன்று பிள்ளைகள். சின்னவன் எட்டு மணிக்குத் தூங்கினால் ஒரே அறையில் எல்லாரும் விளக்கை அணைத்துவிட்டு எட்டு மணிக்கே படுக்க வேண்டும், இல்லையென்றால் நானும் வீட்டுக்காரரும் குளியலறைக்குள் நின்று கிசுகிசுத்துப் பேச வேண்டும். நாள் முழுக்க நடந்துவிட்டு வந்து ராத்திரி ஒரு மணி நேரமாவது நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார முடியவில்லை என்றால் அது என்ன விடுமுறை, சொல்லுங்கள். உங்கள் மாமியாருக்கும் பகலில் கொஞ்சம் கண்ணயர ஒரு மூலை வேண்டும், பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு உடை மாற்ற மறைவான இடம் வேண்டும். அதனால் படுக்கையறை தனியாக, உட்காரும் அறை தனியாக உள்ள சூட்டைத் தேடுங்கள்.

ஒன்று கவனியுங்கள், சூட் என்று பெயர் இருந்தாலே கதவு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜூனியர் சூட், ஸ்டுடியோ சூட் எல்லாம் பெரும்பாலும் ஒரே நீள அறைதான், நடுவில் ஒரு சோபாவோ அரைச் சுவரோ இருக்கும். ஒன் பெட்ரூம் சூட் என்று தெளிவாக எழுதியிருந்தால்தான் அநேகமாகக் கதவு இருக்கும், அதையும் அறையின் தரை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். அமெரிக்கா, கனடா பக்கம் போனால் எம்பசி சூட்ஸ் என்ற ஓட்டல்களில் பெரும்பாலும் இரண்டு அறை அமைப்புதான், காலை உணவும் வாடகையிலேயே அடங்கிவிடும். ஐரோப்பிய நகரங்களில் அடாஜியோ, சிட்டாடின்ஸ் மாதிரி அபார்ட்மென்ட் ஓட்டல்கள், அதாவது வீடு மாதிரி சமையலறையோடு உள்ள ஓட்டல்கள் இருக்கின்றன. டோக்கியோ, கியோட்டோ, ஒசாகாவில் மிமாரு என்று ஒன்று, குடும்பமாக வருகிறவர்களை நினைத்தே கட்டியது, சாதாரண ஜப்பானிய ஓட்டல் அறையோடு ஒப்பிட்டால் நல்ல விசாலம், சின்ன சமையலறையும் உண்டு.

வழிப்போக்கன்:
அக்கா சொன்ன சமையலறை வைத்த ஓட்டல் வகையைப் பற்றி ஒரு விஷயம் சேர்க்கிறேன், வாடகை ஏன் அங்கே கட்டுபடியாகிறது என்பது புரியும். இவை முதலில் சுற்றுலாக்காரர்களுக்காக வந்தவை அல்ல. வேலை மாற்றலாகி வந்து வீடு கிடைக்கும்வரை தங்குகிறவர்கள், வாரக்கணக்கில் ஒரு திட்டத்துக்காக வந்து வேலை பார்க்கிறவர்கள், இவர்களுக்காகத்தான் ஆரம்பித்தார்கள். 1975இல் அமெரிக்காவில் விசிட்டா நகரில் தொடங்கிய ரெசிடென்ஸ் இன் என்ற ஓட்டல் இந்த வகையில் முன்னோடி, 1987இல் அதை மேரியட் ஓட்டல் நிறுவனம் வாங்கியது. குளிர்பெட்டி, அடுப்பு, துணி துவைக்க வசதி எல்லாம் அதனால்தான் இருக்கிறது. வேலைக்கு வருகிறவர்கள் திங்கள் முதல் வியாழன் வரைதான் நிரப்புவார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் அலுவலகப் பகுதி ஓட்டல்கள் காலியாகக் கிடக்கும், அப்போது வாடகை இறங்கும். நீங்கள் ஐந்தாறு நாள் போகிறீர்கள் என்றால் வாரக் கடைசி நடுவில் விழுகிற மாதிரி, வியாழனில் தொடங்கி செவ்வாயில் முடிகிற மாதிரி தேதியை நகர்த்திப் பாருங்கள். கடற்கரை, கேளிக்கை என்று சுற்றுலாவையே நம்பி இருக்கிற ஊர்களில் இது தலைகீழ், அங்கே வாரக் கடைசிதான் விலை ஏறும்.

அதேபோல அந்த ஊரின் பெரிய மாநாட்டு மையத்தின் நிகழ்ச்சிப் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பெரிய வணிகக் கண்காட்சி நடக்கிற வாரத்தில் நகரம் முழுக்க அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை வேறாக இருக்கும். அடுத்த வாரமே பழைய நிலைக்கு வந்துவிடும்.

மூட்டைமுடிச்சு:
எதற்கு ஓட்டல்? ஒரு முழு வீட்டை வாடகைக்கு எடுத்துவிடுங்கள். மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, எல்லாருக்கும் இடம். நாங்கள் அப்படித்தான் போகிறோம்.

நிலாமுற்றம்:
மூட்டைமுடிச்சு தம்பி, சின்ன ஊர், கிராமப்புறம் என்றால் நானும் வீடுதான் எடுப்பேன். பெருநகரத்தில் யோசிக்க வேண்டும். ஒரு முறை எங்கள் முன்பதிவை வீட்டின் உரிமையாளர், நாங்கள் கிளம்புகிற வாரத்தில் ரத்து செய்துவிட்டார், பணம் முழுதாகத் திரும்ப வந்தது, ஆனால் அந்தப் பணத்துக்கு அந்த நேரத்தில் பாதி அளவு அறைகூடக் கிடைக்கவில்லை. ஓட்டல் என்றால் ஓர் அறை பழுதானால் இன்னொரு அறை கொடுப்பார்கள்.

வழிப்போக்கன்:
சட்டமும் இருக்கிறது. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து லோக்கல் லா 18 என்ற நகரச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 30 நாளுக்குக் குறைந்த வாடகை என்றால் வீட்டுக்காரர் நகராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும், அவரும் அதே வீட்டில் இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. ஐந்து பேர் குடும்பம் முழு வீட்டை ஐந்து நாளுக்கு எடுக்கச் சட்டப்படி வழியே இல்லை என்றுதான் அர்த்தம். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. ஜப்பானில் 2018இல் வந்த சட்டப்படி வீட்டை ஆண்டுக்கு 180 நாள்தான் இப்படி விடலாம், பதிவு எண் வேண்டும். பார்சிலோனா 2028 நவம்பருக்குள் சுற்றுலா வீட்டு உரிமங்களை நிறுத்திவிடுவதாக அறிவித்திருக்கிறது. அனுமதி இல்லாத வீட்டில் தங்கிச் சிக்கல் வந்தால் பெட்டியும் பிள்ளையுமாக நீங்கள்தான் தெருவில் நிற்க வேண்டும். வீடு எடுப்பதாக இருந்தால் பதிவு எண்ணை முதலில் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அதோடு சுத்தம் செய்யும் கட்டணம். அது ஒரு தங்கலுக்கு ஒரு முறை, எத்தனை இரவு என்று பார்க்காது. பத்து நாள் தங்கினால் ஓர் இரவுக்குப் பங்கு குறைவு, மூன்று நாள் தங்கினால் வாடகையோடு சேர்ந்து ஓட்டலைத் தாண்டிவிடும். மாமியாருக்காக இன்னொன்று, பழைய நகரங்களில் அழகான பழைய கட்டடங்களில் லிப்ட் இல்லாத வீடுகள் ஏராளம். மூன்றாவது மாடி என்று சிறிய எழுத்தில் இருக்கும்.

மூட்டைமுடிச்சு:
சரி, ஒத்துக்கொள்கிறேன், பெரியவர் கூட வருகிறார் என்பதைக் கவனித்தால் லிப்ட் விஷயம் பெரியதுதான். அப்படியானால் நகரத்தை விட்டு வெளியே, ரயிலில் முக்கால் மணி நேரத் தூரத்தில் பாருங்கள். அதே பணத்துக்கு இரண்டு மடங்கு அறை கிடைக்கும்.

நிலாமுற்றம்:
இதைத்தான் நான் கடுமையாக எதிர்ப்பேன். நாலு வயதுப் பையனும் முழங்கால் வலி உள்ளவரும் காலை ஒன்பதுக்குக் கிளம்பி இரவு ஒன்பது வரை வெளியிலேயே இருக்க முடியாது. மதியம் இரண்டு மணிக்கு ஒருவர் அறைக்குத் திரும்ப வேண்டும், கொஞ்சம் படுத்து எழுந்து சாயங்காலம் மறுபடி கிளம்ப வேண்டும். முக்கால் மணி நேரத் தூரம் என்றால் போக வர ஒன்றரை மணி, அப்புறம் மத்தியான ஓய்வு என்பதே கிடையாது. பிள்ளை அழும், பெரியவர் வாய் திறந்து சொல்லமாட்டார், ஆனால் மூன்றாவது நாள் நான் வரவில்லை, நீங்கள் போய்வாருங்கள் என்று அறையிலேயே இருந்துவிடுவார். அவரையும் கூட்டிக்கொண்டு போனதற்குப் பலன் என்ன? நடு நகரம் வேண்டாம், ஆனால் நேர் ரயிலில் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வண்டி மாறுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

வழிப்போக்கன்:
அக்கா சொல்கிற தூரம்தான் சரியானது. ஆனால் ரயில் நிலையம் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, அந்த நிலையத்தில் லிப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். லண்டன் சுரங்க ரயிலில் 272 நிலையங்கள், அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் படி இல்லாமல் நடைமேடைக்குப் போக முடியும். நியூயார்க்கில் 472 நிலையங்கள், அங்கும் பெரும்பாலானவற்றில் படிதான். இரண்டு ஊரிலும் போக்குவரத்துத் துறையின் வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி போட்டிருப்பார்கள். முதலில் அந்தக் குறியுள்ள நிலையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றி நடக்கிற தூரத்தில் ஓட்டல் தேடினால் பாதி வேலை முடிந்தது. மூட்டு வலி உள்ளவருக்கு மட்டும் இல்லை, பெட்டி, குழந்தை வண்டி எல்லாவற்றுக்கும் அது உதவும்.

வரவேற்பறை:
நான் பல வருடம் ஓட்டல் முன்பதிவில் வேலை செய்தவன், உள்ளேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். தேன்சிட்டு சகோதரி, தேடும்போது பிள்ளைகளின் வயதை உள்ளபடியே போடுங்கள், ஐந்து பேர் என்றால் ஐந்து பேர் என்றே போடுங்கள். சிலர் நாலு என்று போட்டுவிட்டுக் கடைசிப் பிள்ளையை அப்படியே அழைத்துவருவார்கள். ஓர் அறையில் எத்தனை பேர் என்பது பல ஊர்களில் தீயணைப்பு விதியோடு சம்பந்தப்பட்டது, அறை நிரம்பிய இரவில் வரவேற்பில் இருப்பவர் மனம் வைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. கூடுதல் கட்டில், தொட்டில் விஷயமும் அப்படித்தான், எல்லா அறையிலும் போட இடமோ அனுமதியோ இருக்காது, ஓட்டலில் அவை எண்ணிக்கையிலும் குறைவு.

தேடும் தளத்தில் ஐந்து பேருக்கு அறை இல்லை என்று வந்தால் ஓட்டலில் இல்லை என்று நினைக்காதீர்கள். குடும்ப அறைகள் ஒரு கட்டடத்தில் நாலைந்துதான் இருக்கும், அவற்றைச் சில ஓட்டல்கள் வெளித் தளங்களுக்குக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருப்பார்கள். நேராகத் தொலைபேசியில் கூப்பிடுங்கள், ஆனால் பொது முன்பதிவு எண்ணுக்கு இல்லை, அந்தக் கட்டடத்துக்கே. மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை கூப்பிடாதீர்கள், அறைக்கு வருகிறவர்கள் கூட்டம் அப்போதுதான். காலை பத்து பதினொரு மணிக்கு மேல் பேசினால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள், எந்த மாடியில் மூலை அறை, எதில் ஜன்னல் பெரியது என்பதுவரை சொல்வார்கள்.

அப்புறம், உள்கதவோடு இணைந்த இரண்டு அறைகள். உங்கள் குடும்பத்துக்கு இது ரொம்பப் பொருத்தம், இரண்டு குளியலறை கிடைக்கும். பக்கத்து அறை தருகிறோம் என்று சொன்னால் அதற்குள் நடுக்கதவு அடங்காது, இரண்டும் வேறு. நடுக்கதவு உள்ள அறை என்று சொல்லி வாங்குங்கள். பெரும்பாலான இடங்களில் அதைக் கோரிக்கையாகக் குறித்துக்கொள்வார்களே தவிர உறுதி கொடுக்க மாட்டார்கள், முந்தைய விருந்தினர் ஒரு நாள் நீட்டித்தால் சிக்கல். ஹில்டன் ஓட்டல்களில் 2021இலிருந்து இணைந்த அறைகளை முன்பதிவு செய்யும்போதே உறுதிசெய்துகொள்ள வசதி இருக்கிறது. மற்ற இடங்களில் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிவைத்துக்கொண்டு, போவதற்கு இரண்டு நாள் முன்பு மறுபடி நினைவூட்டுங்கள். அறை ஒதுக்குகிற வேலை அநேகமாக அதையொட்டித்தான் நடக்கும்.

தேன்சிட்டு:
இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாடகை தவிர வேறு என்னென்ன கடைசியில் வந்து சேரும்? அதையும் சொல்லிவிட்டால் ஒரே கணக்காகப் போட்டுப் பார்த்துவிடுவேன்.

கணக்குப்பிள்ளை:
வரி முதலில். பல ஐரோப்பிய நகரங்களில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி உண்டு, பல இடங்களில் அதைத் தனியாக ஓட்டலில்தான் கட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு விலக்கு இருக்கலாம், வயது வரம்பு ஊருக்கு ஊர் மாறும். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம். அமெரிக்காவில் வசதிக் கட்டணம், ரிசார்ட் கட்டணம் என்று கடைசிப் பக்கத்தில் சேர்த்துவந்தார்கள், 2025 மே மாதத்திலிருந்து அதையெல்லாம் சேர்த்த தொகையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும் என்று அங்கே விதி வந்துவிட்டது, ஆனாலும் அரசாங்க வரி தனியாகத்தான் வரலாம். காரில் போனால் வண்டி நிறுத்தக் கட்டணம், நடு நகரத்தில் அது இரவுக்கு இரவு ஏறும். முடிந்தால் காரை விட்டுவிட்டுப் போங்கள். காலை உணவு ஐந்து பேருக்குத் தனியாக என்றால் அது ஒரு பெரிய தொகை. பிரிட்டனில் ப்ரீமியர் இன் என்ற ஓட்டல்களில் பெரியவர் ஒருவர் காலை உணவுக்குப் பணம் கொடுத்தால் 16 வயதுக்குக் கீழ் இரண்டு பிள்ளைகளுக்கு இலவசம், ஆனால் அங்கே குடும்ப அறை நாலு பேருக்குத்தான், உங்களுக்கு இரண்டு அறை வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்து ஓர் இரவுக்கு எவ்வளவு என்று எழுதி, அதே வரியில் சதுர மீட்டர், குளியலறை எத்தனை, கதவு உண்டா என்று போடுங்கள். ஐந்து ஓட்டலை இப்படி எழுதினால் எது மலிவு என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மூட்டைமுடிச்சு:
இன்னொரு வழி, கோடையில் போவதாக இருந்தால். லண்டன் மாதிரி பல நகரங்களில் மாணவர்கள் ஊருக்குப் போன மாதங்களில் பல்கலைக்கழக விடுதிகளைப் பொதுமக்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். தனித்தனிப் படுக்கையறைகள், நடுவில் பொதுச் சமையலறை. ஆடம்பரம் கிடையாது, ஆனால் நடு நகரத்தில் இருக்கும். கட்டில் ஒற்றை, அதனால் சின்னவன் அம்மாவோடு படுக்க முடியாது, அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தேன்சிட்டு:
கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி எழுதிப் பார்த்தேன். கடைசியில் இரண்டு நிற்கின்றன. ஒன்று, நகர மையத்தில் நடுக்கதவோடு இரண்டு அறைகள், ஒவ்வொன்றும் 20 சதுர மீட்டர், இரண்டு குளியலறை, காலை உணவு தனி. இன்னொன்று, நேர் ரயிலில் நாலு நிறுத்தம் தள்ளி ஓர் அபார்ட்மென்ட் ஓட்டல், 42 சதுர மீட்டர், படுக்கையறை தனி, உட்காரும் அறையில் சோபா கட்டில், சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், ஆனால் ஒரே குளியலறை. நிலையத்தில் லிப்ட் இருக்கிறது, நடக்க ஆறு நிமிடம். எல்லாம் சேர்த்த தொகையில் இரண்டாவது கால் பங்கு குறைவு. எதை எடுக்கட்டும்?

நிலாமுற்றம்:
இரண்டாவது. சமையலறை இருந்தால் பையனுக்கு நேரத்துக்கு ஏதாவது செய்து கொடுக்கலாம், ஒவ்வொரு வேளைக்கும் ஐந்து பேரும் உடை மாற்றிக்கொண்டு கடை தேடி அலைய வேண்டாம். துணி துவைக்க முடிந்தால் பெட்டி பாதியாகக் குறையும், பெட்டி குறைந்தால் அறையில் இடம் கூடும். ஒரே குளியலறை என்பது ஒரு குறைதான், ஆனால் காலையில் முறை வைத்துக்கொள்ளலாம், மாமியார் முதலில்.

வரவேற்பறை:
நான் முதலாவதைச் சொல்லத்தான் வந்தேன். பெரியவர் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பவராக இருந்தால் குளியலறைக்குப் போகிற வழி முக்கியம். இரண்டாவது ஓட்டலில் குளியலறைக்குக் கதவு படுக்கையறைக்குள் இருக்கிறதா, நடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். படுக்கையறைக்குள் இருந்தால் அவரை அங்கே படுக்க வையுங்கள், நீங்கள் சோபா கட்டிலில். நடையில் இருந்தால் யார் எங்கே படுத்தாலும் சரி. சோபா கட்டில் எத்தனை அகலம் என்றும் கேளுங்கள், 140 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் இரண்டு பெரியவர்களுக்கு நெருக்கம். குளியல் இடத்தில் உயரமான தொட்டியா, தரையோடு தரையா, பிடிமானம் உண்டா என்பதையும் விடாதீர்கள். இந்தப் பதில்கள் நன்றாக வந்தால் நானும் இரண்டாவதையே எடுப்பேன்.

தேன்சிட்டு:
இன்று காலை பேசினேன். குளியலறை நடையில்தான் இருக்கிறதாம், சோபா கட்டில் 160 சென்டிமீட்டர், குளியல் இடம் தரையோடு தரை, சுவரில் கைப்பிடி இருக்கிறதாம். பையனுக்குத் தொட்டில் வேண்டாம், மடக்குக் கட்டில் ஒன்று போடலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்று மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டார்கள். மாமியாரும் பெண்ணும் படுக்கையறையில், நாங்கள் மூன்று பேரும் வெளியே. வியாழனில் தொடங்கித் தேதியை மாற்றியதில் இன்னும் கொஞ்சம் குறைந்தது, வழிப்போக்கன் அண்ணாவுக்குத் தனி நன்றி. இலவசமாக ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் பதிவு செய்திருக்கிறேன்.

வரவேற்பறை:
நல்லது. ரத்து செய்யக் கடைசி நாள் என்ன என்று குறித்துவைத்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்பு அதே அறையின் வாடகையை மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் முதலில் புதிய பதிவைச் செய்துவிட்டு அப்புறம் பழையதை ரத்து செய்யுங்கள், வரிசை மாறிவிடக் கூடாது. மடக்குக் கட்டில் குறிப்பு புதிய பதிவுக்குத் தானாக வராது, அதை மறுபடி எழுதி வாங்க வேண்டும்.